பொறுப்பாளர் பிள்ளையோடு நேரே கதைக்கலாமா? சின்னத் தொண்டு நிறுவனம் நடத்துகிறவர்களிடம் ஒரு கேள்வி

கொப்பிக்காரன் (ஹரோ, லண்டன்) எழுதியது:

வணக்கம். நாங்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு தொண்டு நிறுவனம் நடத்துகிறோம். நிறுவனம் என்பது பெரிய சொல். அலுவலகம் என் வீட்டுச் சாப்பாட்டு மேசை. கோப்புகள் மனைவியின் தையல் மெசினுக்குப் பக்கத்தில் இருக்கின்றன, அவர் அதற்காக மாதம் ஒருமுறை என்னோடு சண்டை பிடிப்பார். 2011-இல் ஒரு செத்தவீட்டில் நாலு பேர் கதைத்துக்கொண்டிருந்தபோது தொடங்கியது. முல்லைத்தீவு மாவட்டத்தில் புதுக்குடியிருப்புப் பக்கம் 43 பிள்ளைகளின் படிப்புக்கு உதவுகிறோம். ஒரு பிள்ளைக்கு ஒரு பொறுப்பாளர், அதாவது அந்தப் பிள்ளைக்கென்று காசு தருகிறவர், மாதம் 15 பவுண். வருடத்துக்குக் குறைந்தது 7,740 பவுண் வரவேண்டும். வராது. எப்போதும் நாலைந்து பேரின் ஸ்டாண்டிங் ஓடர், வங்கியிலிருந்து மாதாமாதம் தானாக வரும் காசு, எங்கேயாவது நின்றுபோயிருக்கும். அவர்களுக்குப் போன் எடுத்து, சுகம் விசாரித்து, பிள்ளைகளின் பல்கலைக்கழகம், முழங்கால் வலி எல்லாம் கேட்டு முடித்து, கடைசியில் மெதுவாகக் காசைப் பற்றிச் சொல்வது பொருளாளரின் வேலை. அது நான். பகலில் பஸ் ஓட்டுகிறேன்.

"இலங்கையில் படிப்பு இலவசமாச்சே, பிறகு எதற்குக் காசு?" என்று யாராவது கேட்பீர்கள். 1945-இல் அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்தது இன்றைக்கும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. பாடப்புத்தகமும் சீருடைத் துணியும் அரசாங்கம் தருகிறது. சைக்கிளும் ரியூசனும் தராது. பல்கலைக்கழகத்துக்குப் போக எழுதும் உயர்தரப் பரீட்சைக்குக் கணிதப் பிரிவு எடுத்த பிள்ளை மூன்று பாடத்துக்கும் ரியூசன் போகாமல் பல்கலைக்கழகம் போவது அங்கே அதிசயம்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். எங்கள் பட்டியலில் பிள்ளைகளுக்கு இலக்கம்தான், பெயர் இல்லை. 17-ஆம் இலக்கம் தரம் 6-இல் வந்தாள், இப்போது தரம் 12. தகப்பன் இல்லை. தாய் தோட்டவேலைக்கும், கருவாட்டுக் காலத்தில் கடற்கரைக்கும் போவார். அவளுக்குப் பொறுப்பாக இருப்பவர் எழுபதைத் தாண்டியவர். மனைவி போன பிறகு தனியே இருக்கிறார். ஒரு மாதம்கூடப் பிந்தியதில்லை. 2022-இல் ரூபாய் விழுந்து, 270 அளவில் நின்ற பவுண் 400-ஐத் தாண்டியபோது மூன்று பொறுப்பாளர்கள் என்னிடம், "இப்ப 10 பவுண் போதுமே?" என்று கேட்டார்கள். இவர், "அங்கே அரிசி விலையும் ஏறியிருக்குமே" என்று சொல்லித் தானாகவே 20 ஆக்கினார். கெட்ட மனுசன் இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

போன வருடக் கடைசியில், பிள்ளையோடு வட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைக்க வேண்டும் என்று கேட்டார். கூட்டம் வைத்துச் சொல்கிறோம் என்றோம். நாங்கள் கூட்டம் வைப்பதற்குள், ஊருக்குப் போன உறவினர் ஒருவரிடம் பிள்ளைக்கென்று ஒரு போன் கொடுத்துவிட்டார். முகவரி எப்படிக் கிடைத்தது என்றால், பொங்கலுக்குப் பிள்ளை எழுதிய நன்றிக் கடிதத்தின் பின்பக்கத்தில் இருந்தது. பிழை எங்களுடையது. கடிதங்களைப் பிரித்துப் பார்க்காமலே அனுப்பிவிட்டோம்.

இப்போது சனிக்கிழமை பின்னேரம் அழைக்கிறார். நாற்பது நிமிடம், சில நேரம் ஒரு மணித்தியாலம். படிப்பைப் பற்றிக் கேட்பார், சாப்பிட்டதைக் கேட்பார், பிறகு தன் பழைய கதைகளைச் சொல்வார். தாய் எங்கள் ஊர் இணைப்பாளரிடம் சொன்னது இதுதான்: "ஐயா நல்லவர். ஆனா பிள்ளைக்குச் சனிக்கிழமை பௌதிகவியல் வகுப்பு. அவரிட்ட எப்பிடிச் சொல்லுறது?"

நிர்வாகக் குழு இரண்டாகிவிட்டது. "பேரப்பிள்ளை மாதிரி நினைக்கிறார், இதில் என்ன?" என்கிறார் தலைவர். ஐயா சேர்த்துவிட்ட பொறுப்பாளர்கள் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள். இவர் போனால் அவர்களும் போவார்கள், வருடம் 960 பவுண் போய்விடும் என்பது தலைவரின் கணக்கு. கணக்கு சரி, நானும் போட்டுப் பார்த்தேன். ஆனால் நாளைக்கு இன்னொருவர் வந்து இதையே கேட்டால், அவர் யார் எவர் என்று எங்களுக்குத் தெரியாவிட்டால்?

இதே மாதிரி நடத்துகிறவர்கள் என்ன செய்கிறீர்கள்? ஒரு பிள்ளைக்கு ஒரு பொறுப்பாளர் என்ற முறையையே விட்டு, எல்லாவற்றையும் ஒரே நிதியாக்கியவர்கள் இருக்கிறீர்களா? ஆட்கள் நின்றார்களா, போனார்களா?

---

முற்றத்துவேம்பு (ரொறன்ரோ) எழுதியது:

தம்பி, நாங்கள் கிளிநொச்சியில் ஒரு பாடசாலையின் பழைய மாணவர்கள். எட்டு வருடம் உங்களைப் போலவே ஒருவருக்கு ஒருவர் என்று நடத்தினோம், பிறகு மாற்றினோம். போனார்கள். மூன்றில் ஒரு பங்கு போனது. அதில் பாதிப் பேர் அடுத்த வருடம் திரும்பி வந்தார்கள், அதுவும் கோயில் திருவிழாவில் என்னைக் கண்டு வெட்கப்பட்டு.

நாங்கள் மாற்றியதற்குக் காரணம் போன் இல்லை. ஒரே வீட்டில் மூத்தவளுக்குப் பொறுப்பாளர் இருந்தார், இளையவனுக்கு இல்லை. நான் போனபோது மூத்தவள் புதுச் சப்பாத்து, அவன் செருப்பு. தாய் எனக்குத் தேத்தண்ணி தந்துகொண்டே, "அவனுக்கும் ஆரும் வருவினமோ?" என்று கேட்டார். அந்தத் தேத்தண்ணி தொண்டையால் இறங்கவில்லை.

ஆனால் ஒருவருக்கு ஒருவர் முறையே பிழை என்று சொல்லமாட்டேன். கம்பாஷன் இன்ரர்நாஷனல் என்ற பெரிய நிறுவனத்தின் பிள்ளைகளை, இந்தியா உட்பட ஆறு நாடுகளில், வளர்ந்த பிறகு தேடிப்பிடித்துப் பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். 2013-இல் வெளிவந்தது. உதவி பெற்ற பிள்ளைகள் மற்றவர்களைவிட ஒரு வருடத்துக்கு மேல் கூடுதலாகப் பாடசாலையில் இருந்திருக்கிறார்கள். அங்கேயும் கடிதம் உண்டு. ஆனால் நிறுவனத்தின் கை வழியாகத்தான் போகும், வரும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 1998-இல் சிக்காகோ ற்றிபியூன் நிருபர்கள் தாங்களே காசு கட்டிப் பிள்ளைகளைப் பொறுப்பெடுத்து, பிறகு அந்தப் பிள்ளைகளைத் தேடிப் போனார்கள். இறந்துபோன ஒரு சிறுமி நலமாக இருப்பதாகச் செய்தி வந்துகொண்டிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். பெரிய நிறுவனங்களிலேயே அது நடந்தது என்றால், சாப்பாட்டு மேசையில் நடத்தும் எங்களுக்கு எவ்வளவு கவனம் வேண்டும்?

உங்கள் ஐயாவுக்கு வருவோம். ஒரு சின்ன வழி இருக்கிறது. வருடத்தில் இரண்டு தரம், இணைப்பாளரும் தாயும் பக்கத்தில் இருக்க, நாலைந்து பிள்ளைகளை ஒன்றாக இருத்தி, எல்லாப் பொறுப்பாளர்களையும் ஒரே அழைப்பில் சேர்த்துக் கதைக்க விடுங்கள். நாங்கள் செய்கிறோம். முதல் பத்து நிமிடம் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். பிறகு ஒரு பொடியன் பாட்டுப் பாடுவான்.

---

வெண்கட்டி (முல்லைத்தீவு) எழுதியது:

நான் முப்பத்தொரு வருடம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். உங்களைப் போன்றவர்கள் அனுப்பும் காசுக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்தவள். ஆகவே கொஞ்சம் உறைப்பாகச் சொன்னால் கோபிக்கவேண்டாம்.

நன்றிக் கடிதம் என்று நீங்கள் வாசிப்பது பெரும்பாலும் என் கடிதம். கரும்பலகையில் எழுதிப் போடுவேன், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். "தங்களின் பேருதவியை என் வாழ்நாளில் மறவேன்" என்று பதினாலு பிள்ளைகள் ஒரே நேரத்தில் எழுதினார்கள். ஒருத்தி மட்டும் கடைசியில், "எங்கட மாடு கண்டு போட்டிருக்கு" என்று தானாகச் சேர்த்தாள். நான் அதை வெட்டச் சொன்னேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கே என்மேல் கோபம் வருகிறது.

சைக்கிள் கொடுக்கிறோம் என்று வருவார்கள். பின்னால் பதாகை, முன்னால் கமெரா. பிள்ளை சைக்கிளின் ஹாண்டிலை ஒரு கையாலும் நன்கொடையாளரின் கையை மறு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். அந்தப் படம் பேஸ்புக்கில் வரும். அடுத்த நாள் வகுப்பில் அவனுக்குப் பெயர் "லண்டன்". பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடமாட்டார்கள். ஒரு பொடியன் அந்தச் சைக்கிளில் வராமல் நடந்தே வந்தான், எட்டு மாதம்.

இப்போது அந்தப் பிள்ளையை யோசியுங்கள். மாதாமாதம் தன் ரியூசன் காசு யாரிடமிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும். அவர் அழைக்கிறார். "ஐயா, எனக்கு இப்ப வகுப்பு" என்று அவளால் சொல்லமுடியுமா? தாயாலேயே முடியவில்லை. ஐயா தங்கமானவர் என்றே வைத்துக்கொள்வோம். தங்கமானவரிடம்கூட இல்லை என்று சொல்லமுடியாத இடத்தில் பிள்ளையை நிறுத்தியிருக்கிறீர்கள். அதைத்தான் நான் பிழை என்கிறேன்.

இன்னொன்று. உங்கள் ஊர் இணைப்பாளரிடம் 1929 என்ற இலக்கம் இருக்கிறதா? தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி. இந்த விசயத்துக்கு அது தேவையில்லை, ஆனால் 43 பிள்ளைகளை வைத்திருக்கிறவர்களின் சுவரில் அது ஒட்டியிருக்கவேண்டும். பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

அப்புறம், காசை எதற்குக் கொடுக்கலாம் என்று யாரும் கேட்பதில்லை, ஆனாலும் சொல்கிறேன். எங்கள் பக்கம் பின்னேர வகுப்பு முடிந்து இருட்டில் ஆறேழு கிலோமீற்றர் வீடு போகும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாரி காலத்தில் பாதை எப்படி இருக்கும் என்று ஊர்க்காரர் உங்களுக்குத் தெரியும். ஒரு ஓட்டோவுக்கு மாதக் கூலி பேசினால் ஐந்து பிள்ளைகள் போவார்கள். அதற்குப் படம் எடுக்க முடியாது என்பதால் ஒருவரும் முன்வருவதில்லை.

---

இரட்டைப்பதிவு (குறொய்டன்) எழுதியது:

அண்ணை, ரீச்சர் சொன்னதற்கு மேல் எனக்கு ஒன்றும் இல்லை. நான் கணக்காளன், கணக்கு மட்டும் சொல்கிறேன்.

அந்தப் போன் ஐயாவின் சொந்தப் பரிசு, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று தலைவர் சொல்லக்கூடும். சொன்னால் கேட்காதீர்கள். பிள்ளையின் முகவரி உங்கள் நிறுவனத்தின் வழியாகத்தான் போனது. நாளைக்கு ஏதாவது நடந்தால், தொண்டு நிறுவனங்களை மேற்பார்க்கும் சரிட்டி கமிஷன் கேட்பது ஐயாவை இல்லை, அறங்காவலர்கள் ஏழு பேரையும். ஒரு பக்கத்தில் விதி எழுதுங்கள்: யாரும் பிள்ளையோடு நேரே தொடர்பு வைக்கமுடியாது, பரிசு அனுப்பமுடியாது, கடிதத்தில் முகவரி இருக்காது. எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள், தலைவரும்தான். பிறகு ஐயாவிடம் போய், "உங்களுக்காக இல்லை, எல்லாருக்கும் இதுதான் விதி" என்று சொல்லலாம். அது அவருக்கும் மரியாதை.

960 பவுண் போய்விடும் என்கிறீர்களே, உங்கள் 43 பேரில் எத்தனை பேர் கிஃப்ட் எய்ட் படிவம் தந்திருக்கிறார்கள்? சின்ன நிறுவனங்களில் அரைவாசிப் பேர் தராமல் இருப்பார்கள், யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். வரி கட்டுகிறவர் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால், அவர் தரும் ஒரு பவுணுக்கு 25 பென்ஸ் வரித் திணைக்களமான எச்.எம்.ஆர்.சி உங்களுக்குத் தரும். படிவத்தில் கடந்த நாலு வருடக் கொடையையும் சேர்க்கலாம். இன்னும் பத்துப் பேர் தந்தால், ஆளுக்கு 180 பவுண்படி வருடம் 450. நாலு வருடத்துக்கு 1,800. ஐந்து பேர் போனால் வரும் குழியை இது இரண்டு வருடத்துக்குக் கிட்டத்தட்ட மூடும்.

கவனம்: வரி கட்டாதவரிடம் கையெழுத்து வாங்கவேண்டாம். அவர் கட்டிய வரி போதாவிட்டால் மிச்சத்தை அவரே கட்டவேண்டி வரும். ஓய்வூதியத்தில் இருக்கும் முதியவர்களிடம் முதலில் விளக்கிச் சொல்லுங்கள்.

இன்னொரு விசயம், நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எங்கள் ஆட்களின் எல்லா நிறுவனத்திலும் இது இருக்கும். பொறுப்பாளர்களில் யாராவது தன் சொந்தக்காரப் பிள்ளைக்குத்தான் காசு போகவேண்டும் என்று சொல்லிச் சேர்ந்திருக்கிறாரா? சித்தப்பாவின் பேத்தி, மச்சாளின் மகன் என்று? அது நல்ல காரியம், ஆனால் அவர் நேரே அனுப்பட்டும். அதை உங்கள் வழியாக அனுப்பி அதற்குக் கிஃப்ட் எய்டும் எடுத்தால் வில்லங்கம். ஊருக்கு உண்டியலில், அதாவது வங்கி வழியாக இல்லாமல் ஆள் கைமாற்றாக, அனுப்புகிறவர்களாக இருந்தால் அதையும் இன்றைக்கே நிறுத்துங்கள். ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கலாம், ஆனால் காசு எங்கே போனது என்று காட்ட ஒரு தாள் மிஞ்சாது. வெளிநாட்டுக்குப் போகும் காசு நல்ல காரியத்துக்குத்தான் போனது என்று காட்டவேண்டியது உங்கள் பொறுப்பு.

---

இலக்கம் 8 (வவுனியா) எழுதியது:

நானும் இப்படியான ஒரு பட்டியலில் இருந்தவன். வேறு நிறுவனம். 8-ஆம் இலக்கம். இப்போது வேலை செய்கிறேன்.

ரீச்சர் சொன்னது எல்லாம் உண்மை. நானும் கரும்பலகையைப் பார்த்து எழுதியிருக்கிறேன். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். எனக்கு வந்த கடிதங்களை நான் வைத்திருக்கிறேன், ஒன்பது கடிதம். முதல் தரம் உயர்தரம் எழுதிப் புள்ளி போதாமல் போனபோது அவர் எழுதினார்: "நான் இரண்டு தரம் விழுந்து மூன்றாம் தரம்தான் ட்ரைவிங் பாஸ் பண்ணினேன்." அவ்வளவுதான். அறிவுரை இல்லை. அதை வாசித்துவிட்டுத்தான் இரண்டாம் தரம் படிக்க இருந்தேன்.

அவர் முகம் எனக்குத் தெரியாது. தெரியவேண்டும் என்று அப்போது தோன்றவும் இல்லை. கடிதத்தை மட்டும் நிறுத்தாதீர்கள். மாடு கண்டு போட்டதையும் எழுத விடுங்கள்.

---

கொப்பிக்காரன் எழுதியது:

மூன்று கிழமை கழித்து வருகிறேன். எல்லாருக்கும் நன்றி. ரீச்சர், கோபம் இல்லை, இரண்டு நாள் நித்திரை இல்லை, அவ்வளவுதான்.

விதி எழுதினோம். ஒரு பக்கம் எழுத மூன்று மணித்தியாலம் பிடித்தது. அதில் ஒரு மணித்தியாலம், அறங்காவலர் என்ற சொல்லுக்குப் பதிலாக நிர்வாகி என்று போடலாமா என்ற வழக்கு. தலைவர் கடைசியாகக் கையெழுத்துப் போட்டார். இனி பிள்ளையின் புகைப்படம் எதுவும் பேஸ்புக்கில் போகாது என்ற வரியை அவர்தான் சேர்க்கச் சொன்னார். அது எனக்கே ஆச்சரியம்.

கிஃப்ட் எய்ட் பற்றி: எங்களிடம் 29 பேரின் படிவம்தான் இருந்தது. மற்ற 14 பேருக்கும் போன் எடுத்தேன். ஒன்பது பேர் அனுப்பியிருக்கிறார்கள். மூன்று பேர் வரி கட்டுவதில்லை. ஒருவர், "அரசாங்கத்துக்கு என் பெயர் தெரியவேண்டாம்" என்றார். எத்தனை வருடமாக இந்த நாட்டில் சம்பளம் எடுக்கிறார் என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை. இன்னும் ஒருவர் போனையே எடுக்கவில்லை.

சொந்தக்காரப் பிள்ளை ஒன்று எங்கள் பட்டியலிலும் இருந்தது. யாருடையது என்று சொன்னால் வீட்டில் எனக்குச் சாப்பாடு கிடைக்காது. இந்த மாதத்திலிருந்து நேரே அனுப்புகிறோம்.

ஒருவருக்கு ஒருவர் முறையை இப்போதைக்கு விடவில்லை. ஆனால் மாதம் 15-இல் 3 பவுணைப் பொதுவுக்கு எடுத்து, அதில் முதலாவதாக ஓட்டோ பேசியிருக்கிறோம். ஐந்து பெண் பிள்ளைகள், கிழமையில் நாலு நாள். படம் இல்லை.

ஐயாவிடம் நானும் இன்னொருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். கையில் விதித் தாளும் பிள்ளையின் கடிதமும். இந்த முறை கரும்பலகை இல்லாமல் எழுதச் சொல்லி இணைப்பாளரிடம் கேட்டிருந்தேன். அவள் எழுதியிருந்தது எட்டே வரி. சனிக்கிழமை வகுப்பைப் பற்றி ஒரு வரி. இணைந்த கணிதத்துக்குக் கடந்தகால வினாத்தாள் தொகுப்பு ஒன்று தேவை என்று ஒரு வரி. வீட்டு நாய் தொலைந்து மூன்றாம் நாள் திரும்பி வந்ததைப் பற்றி நாலு வரி.

அவர் கடிதத்தை முதலில் வாசித்தார். விதித் தாளைத் தொடவே இல்லை. பிறகு, "இணைந்த கணிதமோ? எங்கட காலத்தில தூய கணிதம், பிரயோக கணிதம் எண்டு இரண்டு பாடம்" என்று தொடங்கினார். பிரயோக கணிதம் படிப்பித்த மாஸ்டர், அவர் எறிந்த வெண்கட்டி யார் தலையில் பட்டது, எல்லாம் சொன்னார். நாங்கள் எழும்பும்போது ஒன்றே முக்கால் மணித்தியாலம். வாசலில் நின்று, "அந்தத் தொகுப்பு என்ன விலை?" என்று கேட்டார். எங்கள் வழியாகத்தான் அனுப்பலாம் என்றேன். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இரண்டு சனிக்கிழமையாக அழைப்பு வரவில்லை என்று இணைப்பாளர் சொன்னார். போன் இன்னும் பிள்ளையிடம்தான் இருக்கிறது, அதை என்ன செய்வது என்று கூட்டத்தில் முடிவாகவில்லை. ஐயா சேர்த்துவிட்ட நாலு பேரில் இரண்டு பேரின் ஸ்டாண்டிங் ஓடர் இந்த மாதம் வரவில்லை. காரணம் இதுவா, வழக்கமான மறதியா தெரியாது. நாளைக்குப் போன் எடுக்கவேண்டும், முழங்கால் வலியிலிருந்து தொடங்கவேண்டும்.